ஓஜ்ரி கிடங்கும் டோர்க்கம் வாசலும்

நேயர்களுக்கு என் வணக்கம்.

1988 ஏப்ரல் 10, ஞாயிற்றுக்கிழமை காலை. பாகிஸ்தானில் அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. அதனால் அலுவலகங்கள் திறந்திருந்தன, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். ராவல்பிண்டியில் ஓஜ்ரி என்ற இடத்தில் ஓர் ஆயுதக் கிடங்கு இருந்தது. அது வெடித்தது. ஒரு வெடியோடு அது முடியவில்லை. உள்ளே அடுக்கியிருந்த ராக்கெட்டுகளும் குண்டுகளும் சூடேறிக் கிளம்பி, ராவல்பிண்டியிலும் பக்கத்திலிருக்கும் தலைநகர் இஸ்லாமாபாத்திலும் வீடுகள்மேலும் தெருக்கள்மேலும் வந்து விழுந்தன. சுமார் 100 பேர் இறந்தார்கள். காரில் போய்க்கொண்டிருந்த அரசியல் தலைவர் காக்கான் அப்பாசியும் அவர்களில் ஒருவர். அவருடைய மகன் பிற்பாடு அந்த நாட்டின் பிரதமரானார்.

அந்தக் குண்டுகளை எந்த எதிரியும் போடவில்லை. ஆப்கானிஸ்தானில் சோவியத் படையோடு சண்டையிட்ட முஜாஹிதீன்களுக்கு அனுப்புவதற்காக, பாகிஸ்தானின் உளவு அமைப்பான ஐ.எஸ்.ஐ. சேர்த்து வைத்திருந்த சரக்கு அது. பிரதமர் ஜுனேஜோ விசாரணைக்கு உத்தரவிட்டார். மே 29-ஆம் தேதி, அதிபராக இருந்த ஜெனரல் ஜியா உல் ஹக் அவரைப் பதவியிலிருந்தே நீக்கினார். அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஓஜ்ரியைக் கிளறியது முக்கியமான ஒன்று என்றே பலரும் சொல்கிறார்கள்.

சரி, பக்கத்து நாட்டுச் சண்டையில் பாகிஸ்தான் ஏன் இவ்வளவு தூரம் இறங்கியது? வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது. அதன் அடியில் ஒரு பயம் இருந்தது. 1893-இல் வெள்ளைக்காரர்கள் பஷ்தூன் மக்கள் வாழும் மலைகளின் நடுவே ஒரு கோடு போட்டார்கள். டூராண்ட் கோடு என்பார்கள். சுமார் 2,600 கிலோமீட்டர். பாகிஸ்தான் பிறந்தபிறகு, அந்தக் கோட்டை எல்லையென்று காபூல் ஒத்துக்கொள்ளவே இல்லை. 1947-இல் பாகிஸ்தான் ஐ.நா.வில் சேர்ந்தபோது எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஆப்கானிஸ்தான். கிழக்கே இந்தியாவோடு பகை, மேற்கே நிலம் கேட்கும் காபூல். எனவே காபூலில் தங்களுக்கு வேண்டியவர்கள் ஆள வேண்டும் என்ற எண்ணம் ராணுவத் தளபதிகளின் மனத்தில் ஊறிப்போனது. 1979 டிசம்பரில் சோவியத் படை நுழைவதற்கு முன்பே, ஜியாவுக்கு முன் ஆண்ட புட்டோ காலத்திலேயே, பிற்பாடு முஜாஹிதீன் தலைவர்களான ஹெக்மத்யார், மசூத் போன்ற ஆப்கான் இளைஞர்களுக்குப் பெஷாவரில் இடமும் பயிற்சியும் கிடைத்தன.

ஜியா காலத்தில் அது பெருவெள்ளம் ஆனது. பணம் அமெரிக்காவிடமிருந்தும் சவூதி அரேபியாவிடமிருந்தும் வந்தது. ஆயுதம் யாருக்கு, எவ்வளவு என்பதை முடிவு செய்தது ஐ.எஸ்.ஐ. வழியில் கசிந்ததும் ஏராளம். கலாஷ்னிகோவ் துப்பாக்கி கராச்சித் தெருக்களுக்கு வந்தது, கூடவே ஹெராயினும் வந்தது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்கானியர் அகதிகளாக வந்து சேர்ந்தார்கள். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்களுக்கு இடம் கொடுத்ததை நான் குறையே சொல்லமாட்டேன். அது பெரிய மனது. அந்த முகாம்களிலிருந்து பையன்களைப் பொறுக்கியெடுத்துப் போருக்கு அனுப்பினார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

வெளியே அதிகம் பேசப்படாத இன்னொரு சேதமும் உண்டு. எல்லையோரப் பழங்குடிப் பகுதிகளில், வஜீரிஸ்தான் போன்ற இடங்களில், ஊர்ப் பெரியவர்களை 'மாலிக்' என்பார்கள். வழக்கு, வம்பு எல்லாம் ஜிர்கா என்ற ஊர்க்கூட்டத்தில் தீரும். அரசாங்கமும் அவர்கள் வழியாகத்தான் பேசும். அது குறையில்லாத ஏற்பாடு அல்ல. 1901-இல் வெள்ளைக்காரர்கள் போட்ட கொடுமையான சட்டம் ஒன்று அதற்கு மேலே உட்கார்ந்திருந்தது. ஆனாலும் ஓர் ஒழுங்கு இருந்தது. போர்ப் பணமும் துப்பாக்கியும் வந்தபிறகு மாலிக்கின் சொல்லுக்கு மதிப்பு போய்விட்டது, ஆயுதம் வைத்திருந்தவர்கள் கை ஓங்கியது. 2001-இல் அமெரிக்கா ஆப்கானிஸ்தானில் தாலிபான் ஆட்சியைக் கவிழ்த்த பின், தாலிபான்களும் அல் காய்தாவினரும் டூராண்ட் கோட்டைத் தாண்டி அங்கே வந்து தங்கியபோது, தடுத்துக் கேட்க ஆளில்லை. கேட்ட மாலிக்குகள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். தன் எல்லைக் கதவுக்குக் காவலாக இருந்தவர்களை ஒரு நாடு இப்படித்தான் இழந்தது.

ராணுவம் 2004-இல் தெற்கு வஜீரிஸ்தானுக்குள் போனபோது, சொந்த மண்ணிலேயே போரிட வேண்டியிருந்தது. 2007 டிசம்பரில் அங்கிருந்த குழுக்கள் சேர்ந்து தெஹ்ரீக்-இ-தாலிபான் பாகிஸ்தான் என்ற அமைப்பைத் தொடங்கின. 2009-இல் ராவல்பிண்டியிலுள்ள ராணுவத் தலைமையகமே தாக்கப்பட்டது.

அப்புறம் 2014 டிசம்பர் 16. பெஷாவர், ராணுவப் பள்ளி. வடக்கு வஜீரிஸ்தானில் ராணுவம் நடத்திய நடவடிக்கைக்குப் பழிவாங்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்த தெஹ்ரீக் ஆட்கள் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சுட்டார்கள். 130-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தடுமாறுகிறது, நேயர்களே. காபூலில் யார் ஆள வேண்டும் என்று கணக்குப் போட்ட தளபதிகள் யாரும் அந்தப் பிள்ளைகளின் முகத்தை நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு, 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்தபோது, இஸ்லாமாபாத்தில் பலர் மகிழ்ந்தார்கள். ஆப்கானியர்கள் அடிமை விலங்கை உடைத்துவிட்டார்கள் என்றார் அப்போதைய பிரதமர் இம்ரான் கான். சில வாரங்களில் ஐ.எஸ்.ஐ. தலைவர் காபூலுக்குப் போய்த் தேநீர் குடித்தபடி நின்ற படம் உலகமெங்கும் வந்தது. நாற்பது ஆண்டுக் கனவு பலித்துவிட்டது என்றுதான் தோன்றியிருக்கும்.

நடந்தது வேறு. ஆப்கான் சிறைகள் திறந்தபோது, பாகிஸ்தான் தேடிக்கொண்டிருந்த தெஹ்ரீக் ஆட்களும் வெளியே வந்தார்கள். அவர்களை அடக்குங்கள் என்று பாகிஸ்தான் கேட்டால், அது உங்கள் உள்விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று காபூல் பதில் சொன்னது. பேச்சுவார்த்தையும் நடத்திப் பார்த்தார்கள். 2022 நவம்பரில் தெஹ்ரீக் சண்டை நிறுத்தத்தை முறித்தது. 2023 ஜனவரியில் பெஷாவர் காவல்துறை வளாகப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 80-க்கும் மேற்பட்டோர் குண்டுவெடிப்பில் இறந்தார்கள், பெரும்பாலும் போலீஸ்காரர்கள். அந்த ஆண்டு இறுதியில் லட்சக்கணக்கான ஆப்கானியரைப் பாகிஸ்தான் வெளியே அனுப்பியது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள். அவர்கள் செய்த தப்பு என்ன?

இவ்வளவுக்கும் தொடக்கம் எது? டூராண்ட் கோடு. அந்தக் கோட்டில் பாகிஸ்தான் 2017 முதல் முள்வேலி போட்டு வந்தது. 2021 டிசம்பரில், காபூலைப் பிடித்து நான்கே மாதத்தில், தாலிபான் வீரர்கள் சில இடங்களில் அந்தக் கம்பியைப் பிடுங்கி எறிந்தார்கள். இந்த எல்லையை ஏற்கமாட்டோம் என்று பழைய காபூல் அரசுகள் சொன்னதையே அவர்களும் சொன்னார்கள்.

2025 அக்டோபரில் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. கத்தாரும் துருக்கியும் நடுவில் நின்று சண்டையை நிறுத்த வேண்டியிருந்தது. கைபர் கணவாயின் வாசலான டோர்க்கம் மூடப்பட்டது. பாகிஸ்தான் சந்தைகளில் தக்காளி விலை எகிறியது. பழமும் காய்கறியும் ஏற்றிய லாரிகள் சாலையோரம் வரிசையாக நின்றன, வாசல் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாமல்.

நன்றி, வணக்கம்.