போர்டில் சர்வே எண்ணைப் பெரிதாக எழுதுங்கள்

வணக்கம் நண்பர்களே. ரியல் எஸ்டேட்டில் புதிதாக இறங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது லோகோவைப் பற்றித்தான். என்ன நிறம் வைக்கலாம், என்ன பெயர் வைக்கலாம், எவ்வளவு செலவாகும் என்று கேட்கிறார்கள். அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் என் கையில் இருப்பதைப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாளிதழுக்குள் வந்த நோட்டீஸ்கள் இவை. எல்லாமே சென்னை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய மனைகள். மேலே நீல வானம், கீழே புல்வெளி, ஓரத்தில் சிரித்தபடி ஒரு குடும்பம். ஒன்று அவென்யூ, ஒன்று கார்டன், இன்னொன்று சிட்டி. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தாலும் திறந்தார்கள், எந்த நோட்டீஸை எடுத்தாலும் அங்கிருந்து 15 நிமிடம்தான்! போன் நம்பரை விரலால் மறைத்துவிட்டால் எது யாருடைய மனை என்று அச்சடித்தவருக்கே தெரியாது.

இன்னும் கிட்டக் காட்டுகிறேன். அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி தெரிகிறதா? அதுதான் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் கொடுத்த பதிவு எண். விளம்பரத்தில் அந்த எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 11ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் எடுப்பாகப் போடச் சொன்னதை இவர்கள் ஒளித்து வைக்கிறார்கள். இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். மனை எந்தக் கிராமத்தில் இருக்கிறது? எந்த நோட்டீஸிலும் இல்லை. ஆனால் பட்டாவில் இருப்பது அந்தக் கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும்தான். அவென்யூவுக்கும் கார்டனுக்கும் பட்டாவில் இடமே கிடையாது.

புதிதாக வருகிறவருக்கு இங்கேதான் இடம் காலியாக இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் போர்டில் கிராமத்தின் பெயர், சர்வே எண், டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண், ரெரா எண் நான்கையும் தூரத்திலிருந்து படிக்கும் அளவில் எழுதுங்கள். அதன் கீழே ஒரே வரி: 'நீங்களே சரிபார்த்துவிட்டு எங்களை அழையுங்கள்.' பட்டாவையும் புல வரைபடத்தையும் வருவாய்த் துறையின் இணைய சேவையில் எவரும் பார்க்கலாம். அந்த இடத்தின்மேல் என்னென்ன பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன என்று காட்டும் வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் தளத்தில் கட்டணமில்லாமல் பார்க்க முடிகிறது. பைக்கை ஓரமாக நிறுத்தி உங்கள் போர்டைப் போட்டோ எடுக்கிறவர் அன்று இரவே வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிடுவார். அடுத்த நாள் அவர் போன் செய்யும்போது பாதிப் பேச்சு முடிந்திருக்கும்.

மக்களுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பட்ட அடி அப்படி. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. நகையை விற்று மனை வாங்கி வைத்திருந்தவர்கள் அதை விற்கவும் முடியாமல் வீடு கட்டவும் முடியாமல் தவித்தார்கள். 2017இல் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்த பிறகுதான் பலருக்கு மூச்சு வந்தது. அந்தப் பயம் இன்னும் வீடுகளில் இருக்கிறது. முன்பதிவுக்குத் தங்க நாணயம், வேனில் கூட்டிப்போய் மதியச் சாப்பாடு, இவை எதுவும் அந்தப் பயத்தைத் தொடுவதில்லை.

சர்வே எண்ணை வெளியே சொன்னால் இன்னொரு தரகர் உள்ளே புகுந்து பார்ட்டியைக் கொண்டுபோய்விடுவாரே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சொந்த லேஅவுட் போடுகிறவருக்கு அந்தப் பயம் தேவையில்லை. அடுத்தவர் இடத்தை விற்றுக் கொடுக்கும் ஏஜென்டாக இருந்தால், உரிமையாளரிடம் முதலில் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். அதுவரை எண்ணை விளம்பரத்தில் போடாமல், நேரில் வருகிறவருக்கு மட்டும் கொடுங்கள். பதிவான திட்டங்களில் மனை விற்றுக்கொடுக்க ஏஜென்டும் ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது மழை. எல்லாரும் மனையைக் கோடையில் படம் பிடிக்கிறார்கள். நீங்கள் கார்த்திகையில் பிடியுங்கள். விடிய விடிய மழை பெய்த மறுநாள் காலை, குடையோடு போய் லேஅவுட்டின் நுழைவாயிலிலிருந்து கடைசி மனை வரை நடந்து, வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் வடிகிறது, ஏரி எவ்வளவு தூரம் என்று சொல்லிக்கொண்டே நடங்கள். மூலையில் இரண்டு மனைகளில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றால் அதையும் காட்டுங்கள். அங்கே இத்தனை அடி மண் கொட்ட வேண்டியிருக்கும், அதனால் விலையில் இவ்வளவு குறைத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. மற்ற மனைகள் மேடு என்று நீங்கள் சொல்வதை அதன் பிறகு நம்புவார்கள்.

'15 நிமிடம்' என்பதையும் எடுத்துவிடுங்கள். கிலோமீட்டரில் சொல்லுங்கள். விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம், விலகிக்கொண்டு பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம் என்று அதே ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது.

பத்திரம் முடிந்த அன்று வாங்கியவர் கையில் என்ன கொடுக்கிறீர்கள்? பெரும்பாலும் ஜெராக்ஸ் கட்டு ஒன்று, ரப்பர் பேண்டு போட்டது. அதற்குப் பதிலாகக் கெட்டி அட்டை ஃபைல் ஒன்று செய்யுங்கள். தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், லேஅவுட் வரைபடம் எல்லாவற்றின் நகல்களும் வரிசையாக, முதல் பக்கத்தில் எது எதற்கு என்று தமிழில் இரண்டு வரி விளக்கத்தோடு இருக்கட்டும். வங்கிக் கடனுக்குப் போனாலும் மகள் கல்யாணத்துக்கு விற்கப் போனாலும் அந்த ஃபைல்தான் வெளியே வரும். உங்கள் பெயரும் அதோடு சேர்ந்து வரும். லோகோவுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது பெயர். சாமி பெயரும் ஊர்ப் பெயரும் வைக்க ஆசை இருக்கும். ஆனால் வெறும் ஊர்ப் பெயரை டிரேட்மார்க்காக வாங்குவது கடினம். பலரும் வைத்திருக்கும் சாமி பெயரை உங்களுடையது என்று நிலைநாட்டுவதும் அப்படித்தான். போர்டு அடிப்பதற்கு முன்பே டிரேட்மார்க் தளத்தில் தேடிப் பாருங்கள். மனை விற்பனை 36ஆவது வகுப்பில் வரும், கட்டுமானமும் செய்தால் 37ஆவதும் வேண்டும். தனிநபரும் சிறு நிறுவனமும் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். ஒரு தடவை நோட்டீஸ் அச்சடிக்கும் செலவுகூட ஆகாது.

உங்கள் ஊரில் சர்வே எண்ணைப் பெரிதாக எழுதிய போர்டு ஏதாவது கண்ணில் பட்டால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.