கோவிவன் வழி வந்த நாய்கள்

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் மூவருக்கும், இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் வேலூர்ப் பெருமக்களுக்கும் வணக்கம்.

'நாய்ப் பெருக்கம் குறைய, வீட்டு நாய்களுக்கெல்லாம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் வேண்டுமா, வளர்ப்பவரின் பொறுப்பே போதுமா?' என்பது தலைப்பு. பொறுப்பே போதும் என்ற அணியில் நிற்கிறேன். குடியாத்தம் பக்கம் ஆட்டுப்பட்டி வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. அப்பா காலத்திலிருந்து கன்னி என்ற நாட்டு இன நாயை வளர்க்கிறோம். வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் விட்டதில்லை. எதிரணியின் முதல் பேச்சாளர், 'குட்டி விற்றுக் காசு பார்ப்பவர்கள்தான் இந்தச் சட்டத்தை எதிர்க்கிறார்கள்' என்றார். ஐயா, ஆறு குட்டி விற்ற பணம் தாயின் தீனிக்கும் குட்டிகளின் தடுப்பூசிக்கும் சரியாகப் போய்விடும். இதை நாங்கள் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

செங்கம் பக்கம் எடுத்தனூர் என்று ஓர் ஊர். இன்றைக்கு அது திருவண்ணாமலை மாவட்டம். 1989 வரை நம் வட ஆற்காடு. அந்த ஊரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. சண்டையில் இறந்துபோன வீரனுக்கு நட்ட கல். வீரன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துத் தன் ஆளுக்குக் காவல் நின்றது என்று அந்தக் கல்லிலேயே எழுத்து இருக்கிறது. ஏறக்குறைய 1400 வருஷத்துக்கு முன்னால், ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த சனம் நாம்.

அந்தக் கோவிவனிடம் சான்றிதழ் இருந்திருக்காது. ஆடோ மாடோ வைத்திருந்த யாரோ ஒருவர் வீட்டு வாசலில்தான் அது பிறந்திருக்கும். இன்றைக்கும் நம் நாட்டு நாய்கள் அப்படித்தான் பிறக்கின்றன. எதிரணி முன்வைத்த சட்டம் என்ன சொல்கிறது? ஆறு மாதம் தாண்டிய எல்லா வீட்டு நாய்க்கும் கருத்தடை, பதிவு பெற்ற இனப்பெருக்கக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பதிவு யாரிடம் இருக்கும்? நகரத்தில் கெனல் கட்டி லாப்ரடாரும் ஷிட்சூவும் வளர்ப்பவரிடம் இருக்கும். ஒடுகத்தூரில் ஆடு மேய்க்கிற பெரியவரிடமும், ஜவ்வாது மலையில் ஒரே ஒரு பொட்டை நாயோடு இருக்கிற குடும்பத்திடமும் இருக்காது. 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளை நான் மதிக்கிறேன். மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய், 18 மாதம் ஆகாத பெண்நாயைச் சேர்க்கைக்கு விடாதே, 8 வாரம் ஆகாத குட்டியை விற்காதே என்கிறது. நல்ல விதிகள். தொழிலாகச் செய்பவனுக்கு அவை கட்டாயம் வேண்டும். ஆனால் பதிவு இல்லாத வீட்டு நாய்க்கெல்லாம் கத்தி என்று ஆகிவிட்டால், மலையிலும் கிடையிலும் இருக்கும் நாய்கள்தான் முதலில் போகும். பதிவேட்டில் எஞ்சி நிற்பது பெரும்பாலும் வெளிநாட்டுச் சாதியாக இருக்கும்.

2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை போட்டார்கள். 2020-ல் வானொலியில் பிரதமர் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்னார். கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபியல் வள நிறுவனம் முதலில் பதிவு செய்த மூன்று நாய் இனங்களில் ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று இரண்டு நம்முடையவை. எனக்கும் பெருமைதான். ஆனால் எண்ணிக்கை குறைந்தால் இந்தப் பெருமை எதற்கு உதவும்? ராஜபாளையத்தையே எடுத்துக்கொள்வோம். முழு வெள்ளை வேண்டும், மூக்கு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும் என்று கொஞ்சம் நாய்களுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்தார்கள். காது கேளாத குட்டிகள் பிறந்தன. தோலுக்கு நிறம் தருகிற அதே செல்கள் உள்காதுக்கும் வேண்டும். அவை இல்லாமல் போனால் காது செவிடு. இந்த நிலைமையில் சேர்க்கைக்கு இருக்கிற கடுவன்களின் எண்ணிக்கையை இன்னும் வெட்டினால், அண்ணனுக்கும் தங்கைக்கும் சேர்க்கை நடத்துகிற நிலைக்குத்தான் வந்து நிற்போம்.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்பா தெற்கே கோவில்பட்டிப் பக்கம் போய் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்னிக் குட்டி, கருப்பாயி. எங்கள் ஊருக்கு மேற்கே ஆந்திர எல்லை, கவுண்டின்யா காடு. சிறுத்தை இறங்கும் பக்கம். கருப்பாயி சிறுத்தையிடம் சண்டைக்குப் போகாது. பட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடி, ஒருவிதமாகக் குரைக்கும். அந்தக் குரலுக்கு அம்மா முதற்கொண்டு எல்லோரும் எழுந்து விளக்கோடு வெளியே வந்துவிடுவோம். ஆடு குட்டி போட்டால் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கும், காக்காயை அண்டவிடாது. அதன் மகளும் அச்சில் வார்த்ததுபோல் அதே குணம். ஆனால் அது எங்களுக்கு அப்போது தெரியாது. ஏழு மாதத்தில் மகள் பருவத்துக்கு வந்தது. வாசலில் தெரு நாய்களின் கூட்டம், ராத்திரி முழுக்கச் சண்டை. தொல்லை தாங்காமல் அழைத்துப்போய்க் கருத்தடை செய்துவிட்டோம். அறுவையில் ஒரு குறையும் இல்லை. நன்றாகப் பத்து வருஷம் இருந்தது. அதற்கு இரண்டு வயது ஆனபோதுதான், இது இன்னொரு கருப்பாயி என்று புரிந்தது. அதற்குள் தாய்க்கு வயதாகிவிட்டது. அடுத்த வருஷமே இறந்தும் போனது.

அந்த வம்சம் எங்கள் பட்டியோடு முடிந்தது. பிறகு வாங்கிய இரண்டு நாய்களும் ஓட்டத்தில் குறைவில்லை. ஆனால் பட்டியில் படுக்கவே இல்லை. அந்த முடிவு எங்களுடையது, யாரையும் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் கேட்கிறேன் நடுவர் அவர்களே, காவல் குணம் தெரிய இரண்டு வருஷம் ஆகிறது. சட்டமோ ஆறு மாதத்தில் முடித்துவிடச் சொல்கிறது. நம் மாவட்டத்தில் எருது விடும் விழாவுக்குக் காளை வளர்க்கும் ஒருவரிடம் போய், எல்லாக் கன்றையும் காயடித்துவிடு, நல்ல காளை எது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடியுமா? நாய்க்கு மட்டும் சொல்கிறார்களே!

எதிரணியில் பேசிய மருத்துவர், கருத்தடை செய்தால் பெண்நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்காது, மார்பில் கட்டி வருவது குறையும் என்றார். உண்மை. நான் மறுக்கவில்லை. குட்டி எடுக்கும் எண்ணம் இல்லாத வீட்டில், வயது வந்த பெண்நாய்க்குச் செய்யுங்கள் என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் எந்த வயதில் என்பது முக்கியம். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 759 கோல்டன் ரெட்ரீவர் நாய்களின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். ஒரு வயதுக்கு முன்னால் கருத்தடை செய்தவற்றில் மூட்டு நோய்கள் கூடியிருந்தன. 2020-ல் அதே குழு 35 இனங்களைப் பார்த்தது. சின்ன இனங்களில் மூட்டுக்குப் பெரிய கெடுதல் இல்லை, பெரிய இனங்களில் பலவற்றில் இருந்தது. எலும்பு நீள்வதை நிறுத்தச் சொல்வது, கருத்தடையில் எடுத்துவிடுகிற உறுப்புகள் சுரக்கும் ஹார்மோன்தான். அதை முன்னாடியே எடுத்துவிட்டால் கால் எலும்பு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. ஓடுவதற்கென்றே பிறந்த கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் கால்தானே எல்லாம்? நாய்க்கு நாய் மாறுகிற இந்த முடிவை அந்த நாயைத் தெரிந்த மருத்துவரும் வளர்ப்பவரும் சேர்ந்து எடுக்கட்டும். ஒரே வயதை எழுதி வைத்த சட்டத்துக்கு அந்த நாயைத் தெரியாது.

அடுத்து, தெரு நாய். எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், பள்ளிக்கூடம் போன பிள்ளையை நாய் கடித்த கதையைச் சொன்னபோது இந்த அரங்கமே கலங்கியது. நானும் கலங்கினேன். உலகத்தில் ரேபிஸ் நோயால் சாகிறவர்களில் 36 சதவீதம் நம் நாட்டவர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த நோயை நிறுத்துவது தடுப்பூசி. ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்குப் போட்டுவிட்டால் நோய் பரவுவது அறுந்துவிடும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. என் வீட்டு நாயின் கர்ப்பப்பையை எடுத்தால் தெருவில் இருக்கிற நாய்க்கு ஊசி போட்டதாக ஆகுமா? தெரு நாயைப் பிடித்து, கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று 2023-ன் விதிகள் சொல்கின்றன. அந்த வேலை உள்ளாட்சியுடையது. வீட்டு நாய்க்கு ஊசியும் கருத்தடையும் உரிமையாளர் பொறுப்பு என்கின்றன அதே விதிகள். பொறுப்பு என்ற சொல் அங்கேயே இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்குச் சத்துவாச்சாரியில் வண்டியைத் துரத்துகிற கூட்டம், கொட்டிக் கிடக்கும் இறைச்சிக் கழிவை நம்பிப் பெருகிய கூட்டம். கழிவை அள்ளாமல், தெருவில் கருத்தடையை முடிக்காமல், கட்டிப் போட்டிருக்கும் நாயைத் தேடி வருவது சுலபம். என் வீட்டுக்கு விலாசம் இருக்கிறது. தெரு நாய்க்கு இல்லை.

ஆனால் எதிரணி ஒன்றைச் சரியாகச் சொன்னது. வளர்க்க ஆசைப்பட்டு வாங்கி, அலுத்ததும் நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருகிற கோபம் வேறு யார்மேலும் வருவதில்லை. 1960-ன் விலங்கு வதைத் தடைச் சட்டப்படி நாயைக் கைவிடுவது குற்றம்தான். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். ஒரு நாயைத் தெருவில் விடுவதற்கு விலை ஐம்பது ரூபாய்! சட்டம் மாற வேண்டும் என்றால் இங்கே மாறட்டும். அபராதத்தை வலிக்கும்படி ஏற்றுங்கள். குட்டிக்குச் சிப் வைத்து, யாரிடமிருந்து யாரிடம் போனது என்று பதியச் சொல்லுங்கள். முதல் வரிசையில் நான் நிற்கிறேன்.

கட்டாயம் என்பதை ஏற்கெனவே பார்த்தும் விட்டோம். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. வீட்டில் ஏற்கெனவே இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்யச் சொன்னது. அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் போட்டது என்பது ஒரு முக்கியக் காரணம். கலிபோர்னியாவிலும் 2007-ல் நாலு மாதம் தாண்டிய நாய், பூனைக்கெல்லாம் கருத்தடை என்று ஒரு மசோதா வந்தது. நாய் வளர்ப்பவர்கள் எதிர்த்தார்கள். அடுத்த வருஷம் செனட்டில் விழுந்தது. எங்களைக் கேளுங்கள் என்றுதான் நாங்களும் சொல்கிறோம்.

நடுவர் மணி அடித்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது செவலி என்று ஒரு கன்னி சினையாக இருக்கிறது. வயது மூன்று. போன மழைக்காலத்தில் இரண்டு தடவை பட்டியைக் காப்பாற்றிய பிறகுதான் சேர்க்கைக்கு விட்டேன். கடுவனைத் தேடி விருதுநகர் வரை போய், இரண்டுக்கும் ரத்த சம்பந்தம் இல்லை என்று விசாரித்துத்தான் சேர்த்தேன். ஐம்பது நாள் ஆகிறது, இன்னும் இரண்டு வாரத்தில் போட்டுவிடும். நாலு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், நாலு பேருமே ஆடு வைத்திருப்பவர்கள். வளர்க்க முடியாமல் போனால் எந்த வயதானாலும் என்னிடமே திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும் என்று அவர்களிடம் எழுதி வாங்கியிருக்கிறேன். ஒரு பெண்குட்டி மட்டும் யாருக்கும் கிடையாது, அது எங்கள் பட்டிக்கு.