கரண்ட் பில்லுக்கு உபயதாரர் யாரு? சிறு காணிக்கை அணியில ஒரு பட்டிமன்றப் பேச்சு

நடுவர் ஐயாவுக்கும், பங்குத்தந்தை அவர்களுக்கும், எதிரணியில துண்டை மடிச்சு தோள்ல போட்டுக்கிட்டு தெம்பா உக்காந்திருக்கிற அண்ணாச்சிமாருக்கும், இந்தக் கொசுக்கடியிலயும் எந்திரிச்சுப் போகாம இருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். பக்கத்து சி.எஸ்.ஐ., அதான் தென்னிந்தியத் திருச்சபை, அங்க இருந்தும் நெறைய பேரு வந்திருக்கீங்க, உங்களுக்கு ஸ்தோத்திரம். தலைப்பு உங்களுக்குத் தெரியும், ஒரு பங்குக் கோயில் நிலைச்சு நிக்கிறது வசதியானவங்க குடுக்கிற பெருங்கொடையாலயா, சாதாரண சனங்களோட சிறு காணிக்கையாலயும் கைவேலையாலயுமா. நான் சிறு காணிக்கை பக்கம்.

அண்ணாச்சி என்ன சொன்னாங்க? டோனாவூருக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சு, ஜெர்மனியில டோனா பிரபுன்னு ஒருத்தர் குடுத்த பணத்துல ரேனியஸ்ங்கிற மிஷனரி ஐயர் உண்டாக்குன ஊரு. சாயர்புரம்? சாயர்னு ஒரு வியாபாரி வாங்கிக் குடுத்த நிலம். பாளையங்கோட்டையில 1785-ல கிளாரிந்தா அம்மா கட்டுன கோயிலை இன்னைக்கும் பாப்பாத்தி அம்மா கோயில்னுதானே சொல்லுதோம், பெருங்கொடை இல்லைன்னா இந்த ஊரெல்லாம் எங்கன்னு கேட்டாங்க, கைதட்டலும் வாங்கிட்டாங்க. நானும் தட்டுனேன். நல்ல பாயிண்டு.

ஆனா பாருங்க, அண்ணாச்சி 1785-ஐ சொன்னாங்க, 1780-ஐ விட்டுட்டாங்க. அந்த வருசமே பாளையங்கோட்டை சபைப் பதிவேட்டுல 40 பேரு இருக்காங்க, கிளாரிந்தா அம்மா அதுல ஒருத்தர். அப்ப கோயில் எழும்புறதுக்கு அஞ்சு வருசம் முன்னாடியே சபை இருக்கு. அந்த அம்மா பெரிய மனுசி, அவங்களை நான் குறைச்சுச் சொல்லல, சொல்லவும் எனக்கு அருகதை கெடையாது. ஆனா அவங்க குடுத்தது கட்டடம், அதுக்குள்ள வந்து உக்காந்தது அந்த மீதி 39 பேரு. அவங்க பேர்ல கோயிலும் இல்ல கிணறும் இல்ல, அதனால எதிரணிக்கு அவங்க கண்ணுக்குத் தெரியல.

கட்டுறது வேற, நடத்துறது வேற நடுவர் அவர்களே. பீடத்துக்கு உபயதாரர் இருக்காரு, மணிக்கூண்டுக்கு இருக்காரு, வாசல் கேட்டுக்கு அண்ணன் தம்பி மூணு பேரு இருக்காங்க, அதுல எவன் பேரு முதல்ல வரணும்னு சண்டை வந்து, அந்தக் கேட்டை சாமியார் மந்திரிக்கிறதே தள்ளிப்போன கதையெல்லாம் நம்ம பக்கத்துல சாதாரணம். கரண்ட் பில்லுக்கு உபயதாரர்னு எந்தக் கோயில்லயாவது கல்வெட்டு பாத்திருக்கீங்களா? கோயிலைத் திறந்து கூட்டி மணியடிக்கிற கோயில்பிள்ளை சம்பளத்துக்கு? செப்டிக் டேங்க் சுத்தம் பண்ணுனதுக்கு? சிரிக்காதீங்க, தேர்த்திருவிழாவுக்கு வாற கூட்டத்துக்கு முதல்ல தேவைப்படுறது அதுதான். இதுக்கெல்லாம் பணம் எங்க இருந்து வருது? அந்தத் தட்டுல இருந்து வருது.

ஞாயிறு பூசை முடிஞ்சு சாமான் அறையில காணிக்கை எண்ணுறதைப் பாத்திருக்கீங்களா, பாக்கணும். பாயை விரிச்சு தட்டைக் கவுத்துவாங்க. 500 ரூவா ஒண்ணு ரெண்டு கெடக்கும், அது சட்டுனு எடுத்து வைக்கிற வேலை. மீதியெல்லாம் 10 ரூவா, 20 ரூவா, எல்லாம் சுருண்டு கெடக்கும், ஏன்னா வீட்டுல அம்மா புள்ள கையில குடுத்துவிட்டது, பிரசங்கம் முடியிற வரைக்கும் அது அதை உருட்டி உருட்டி குழல் மாதிரி ஆக்கிரும். முந்தானையில முடிஞ்சு கொண்டுவந்த நோட்டு தனியாத் தெரியும், நாலா மடிச்ச தடம் போகாது. அப்புறம் காசு, அஞ்சு தனி ரெண்டு தனி ஒண்ணு தனியா அடுக்கி, நிதிக்குழுவுல ரெண்டு பேரு நோட்டுல கையெழுத்துப் போடணும். அரை மணி நேரத்துக்கு மேல ஆகும். அந்தச் சுருண்ட நோட்டுதான் அண்ணாச்சி மாசாமாசம் மின்வாரியத்துக்குப் போகுது.

இப்ப வேதத்துக்கு வருவோம், இதை விட்டா எதிரணி சும்மா இருக்காது. ஏழைக் கைம்பெண் ரெண்டு காசு போட்டது எல்லாருக்கும் தெரியும், மாற்கு 12. அதுக்கு முந்தின வசனத்தைப் படிச்சீங்களா? கைம்பெண்களோட வீடுகளை விழுங்குறவங்கன்னு மறைநூல் அறிஞர்களை இயேசு திட்டி முடிச்ச கையோடதான் அந்தக் கைம்பெண் வாறா. அதனால ஏழைகிட்ட இருக்கிறதையெல்லாம் உருவிக்கிடலாம்னு இந்தப் பகுதியை வச்சு எவனாவது பிரசங்கம் பண்ணுனா நம்பாதீங்க. சரி, அதுக்குப் பிந்தின வசனம்? மாற்கு 13, சீடர்ல ஒருத்தரு, போதகரே எவ்வளவு பெரிய கல்லு எவ்வளவு பெரிய கட்டடம்னு வாயைப் பொளக்காரு. அந்த எருசலேம் கோயிலை அவ்வளவு பிரமாண்டமா எடுத்துக் கட்ட ஆரம்பிச்சது யாரு? ஏரோது ராசா! எதிரணி மொழியில சொன்னா, அந்தக் காலத்து மிகப்பெரிய உபயதாரர். கல்லுமேல கல்லு நிக்காதுன்னு இயேசு சொன்னாரு, கி.பி. 70-ல ரோமைப் படை வந்து இடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான். ஏரோது குடுத்த கல்லு போச்சு, அந்த அம்மா போட்ட ரெண்டு காசைப் பத்தி நாம இன்னைக்கும் மேடை போட்டுப் பேசிக்கிட்டு இருக்கோம்.

பர்னபா நிலத்தை வித்துக் குடுத்தாரே, அது பெருங்கொடை இல்லையான்னு அடுத்து வாற அண்ணாச்சி கேப்பாங்க, குறிப்பு எழுதிக்கிட்டு இருக்காங்க, இங்க இருந்தே தெரியுது. பெருங்கொடைதான். ஆனா பணத்தை அப்போஸ்தலர் காலடியில வச்சாரு, அதோட ஒதுங்கிட்டாரு, இது இன்னாருக்குத்தான் போகணும், நான் சொல்ற ஆளைத்தான் உபதேசியாரா போடணும்னு சொல்லல. அப்படிக் குடுக்கிற பணக்காரரு இருந்தா நம்ம அணிக்கு வரட்டும், சேரு போட்டு வைக்கிறோம்.

சில்லறையில பெரிய காரியம் நடக்குமான்னு ஒரு இளக்காரம் இருக்கு பாருங்க, அதுக்கு நம்ம திருநெல்வேலியே பதில். 1903-ல இங்க இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சாங்க, அசரியா ஐயா அதுல முன்ன நின்னாரு, பின்னாடி தெலங்கானா பக்கம் டோர்னக்கல்ல பேராயர் ஆனவரு. இந்திய ஆளு, இந்தியப் பணம், இந்திய நிர்வாகம், இதுதான் கொள்கை. வெள்ளைக்காரன் காசு வேண்டாம்னு அந்தக் காலத்துலயே சொன்னவங்க யாரு, மில்லு முதலாளியா? பெரும்பாலும் பனையேறி, கருப்பட்டி காய்ச்சி, வயல்ல கூலிக்குப் போன குடும்பங்க. அந்தக் காசுலதான் இங்க இருந்து நிஜாம் ஆண்ட ஹைதராபாத் சீமைக்கு ஊழியத்துக்கு ஆளு அனுப்புனாங்க.

மிசோரத்துல இன்னும் ஒரு படி மேல. அங்க பிரஸ்பிட்டேரியன் சபையில 1910-ல பிடியரிசி வழக்கத்தை ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு நேரமும் உலை வைக்கும்போது வீட்டுப் பொம்பளை ஒரு பிடி அரிசியை தனியா எடுத்து வைக்கணும், அதை வாங்கி சேத்து வித்து சபை ஊழியத்துக்குக் குடுக்கணும், அவ்வளவுதான். நூறு வருசம் தாண்டியும் ஓடுது, வருசத்துக்குக் கோடிக்கணக்குல வருது. சம்பாத்தியம் ஆம்பளை கையில, காணிக்கை போடுற பெருமையும் அவருக்குன்னு இருந்த காலத்துல, கையில ஒத்தப் பைசா இல்லாத பொம்பளையும் தன் பங்குன்னு சொல்லிக் குடுக்க ஒரு வழி உண்டாச்சு. எனக்கு அந்தக் கோடியை விட இதுதான் பெருசாப் படுது.

சி.எஸ்.ஐ. சனங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியது இல்ல, விளைஞ்சதைக் கொண்டுவந்து காணிக்கையா வைக்கிற அறுப்பின் பண்டிகை ஏலத்தை நினைச்சுக்கோங்க. முருங்கைக்கா, பூசணி, சேவல், கருப்பட்டி, ஒரு கெழவி கொண்டுவந்த நாலு எலுமிச்சம்பழம். அந்த நாலு பழத்தை ஒருத்தரு 200 ரூவாக்கு எடுப்பாரு, எடுத்துட்டு திரும்ப ஏலத்துக்கே குடுப்பாரு, அடுத்தவரு 300-க்கு எடுப்பாரு, சேவல் இடையில கயித்தை அத்துக்கிட்டு ஓடும். எதிரணி உடனே அந்த 300 ரூவா பணக்காரன் பணம்தானேன்னு சொல்லும். சரி, ஆனா அந்தக் கெழவி பழம் கொண்டு வராட்டா இவரு எதை ஏலம் எடுப்பாரு? அசனத்துக்கு, அதான் கோயில் பொதுச் சாப்பாட்டுக்கு, ராத்திரி முழுக்க உக்காந்து வெங்காயம் உரிச்சவங்க, கெடாரத்துல சோறு வடிச்சவங்க, மறுநாள் அண்டா கழுவுனவங்க, இவங்களுக்கெல்லாம் கூலி போட்டுக் கணக்குப் பாருங்க, அரிசி மூட்டை உபயம் குடுத்தவரோட தொகையைத் தாண்டிரும்.

இப்ப எங்க அணியில இருக்கிற குறையை நானே சொல்லுதேன், எதிரணி சொல்றதுக்கு முன்னாடி. சிறு காணிக்கைங்கிறது பல ஊர்ல வரியா மாறிப்போச்சு. கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கணுமா, வரி பாக்கியைக் கட்டு. கல்லறைத் தோட்டத்துல இடம் வேணுமா, பாக்கியைக் கட்டு. முன்ன கடற்கரை ஊர்கள்ல பிடிச்ச மீன்ல கோயில் பங்குன்னு எடுக்கிற உரிமையவே குத்தகைக்கு விட்ட காலம் உண்டு, வலை இழுத்தவன் கையில மிச்சம் என்னன்னு குத்தகைக்காரனுக்கு என்ன கவலை? அதுக்குப் பேரு காணிக்கை இல்ல. முகமலர்ச்சியோட கொடுக்கிறவங்கதான் கடவுளுக்குப் பிடிக்கும்னு பவுல் எழுதியிருக்காரு, கட்டாயத்துல குடுக்காதேன்னும் அதே வசனத்துல இருக்கு. நம்ம கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 222 என்ன சொல்லுது, திருச்சபையோட தேவைக்கு உதவ வேண்டிய கடமை எல்லா விசுவாசிக்கும் இருக்குன்னு சொல்லுது. இதை வரி வசூலுக்கு வாறவங்க மனப்பாடமா சொல்லுவாங்க. 848-ஐயும் படிங்க, ஏழ்மையினால ஒருத்தருக்கும் ஞானஸ்நானம், கல்யாணம் மாதிரி அருளடையாளம் கிடைக்காமப் போயிரக் கூடாதுன்னு அங்க இருக்கு. வரி குடுக்க முடியாத வீட்டை, ஏழைகளுக்கு உதவுற வின்சென்ட் தே பவுல் சபை சத்தமில்லாம தாங்கணும், அதுக்குத்தான் அது இருக்கு, பாக்கிப் பட்டியலை நோட்டீஸ் போர்டுல ஒட்டி மானத்தை வாங்குறது எந்த வேதத்துல இருக்கு?

ஏன் இதைச் சொல்லுதேன்னா, குடுக்கிறவங்க எண்ணிக்கை கூடக் கூடத்தான் கேள்வி கேக்கிற வாயும் கூடும். ஒவ்வொரு பங்குலயும் நிதிக்குழு கட்டாயம் இருக்கணும்னு சட்டம் 537, சனங்க குடுத்ததுக்கு சனங்ககிட்ட கணக்குக் காட்டணும்னு 1287. பத்து லட்சம் குடுத்தவரு பங்குச் சாமியார் அறையில உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டே கணக்குக் கேட்டுக்கிடுவாரு, அவருக்கு வரவு செலவு ஒட்டுற போர்டு தேவையில்ல. 50 ரூவா குடுத்த அக்காவுக்குத்தான் போர்டு வேணும். இப்ப வாசல்ல க்யூஆர் கோடு வச்சாச்சு, வளைகுடாவுல இருக்கிற பையன் அவன் வங்கிக் கணக்குல இருந்து ராத்திரி 100 ரூவா போட்டு விடுதான், அவனும் வாட்ஸப்புல கேக்கான், தேர் செலவு எவ்வளவு ஆச்சுன்னு. கேக்கட்டும், கேக்கிறவன்தான் அடுத்த மாசமும் போடுவான்.

மணி அடிச்சிட்டாங்க, முடிச்சுக்கிடுதேன். அடுத்து பேச வாற அண்ணாச்சிக்கு ஒரே ஒரு கேள்வி. 2020-ல ஊரடங்கு போட்டு கோயிலைப் பூட்டுனப்போ, திருவிழா இல்ல, கொடியேத்தம் இல்ல, பேரு வாசிக்க மேடையும் இல்ல. அந்த மாசங்கள்ல உங்க பங்குல கோயில்பிள்ளைக்குச் சம்பளம் போச்சா, போச்சுன்னா யாரு குடுத்தா? அதுக்குப் பதிலைச் சொல்லிட்டு மீதியைப் பேசுங்க. நன்றி, வணக்கம்.