அம்மாவுக்கு நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள்

(சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் நடந்த மூத்தோர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பின்வரிசையில் நிற்கிற ஐயாமார் முன்னுக்கு வாருங்கள், இங்கே கதிரைகள் சும்மாதான் கிடக்கின்றன.

மூத்தவர்களோடு பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஆனால் இன்றைக்கு உங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்த பிள்ளைகளோடுதான் எனக்குக் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது. அவர்களில் பாதிப் பேர் வெளியே தேநீரோடு நிற்கிறார்கள். யாராவது உள்ளே கூப்பிடுங்கள்.

இந்த நாட்டில் முதியோர் பராமரிப்புக்குப் போகிற வழி ஒன்றுதான். முதியோர் உதவிக்கான அரசின் வாசலான மை ஏஜ்ட் கெயாரில் பதிய வேண்டும், பிறகு என்ன உதவி தேவை என்று பார்க்க ஒரு மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வருவார். அந்த ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலப் பேச்சில்தான் எல்லாமே இருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் வீட்டுப் பராமரிப்புக்கு 'சப்போர்ட் அட் ஹோம்' என்ற புதிய திட்டம் நடக்கிறது. அதில் தொடர்ச்சியான உதவிக்கு எட்டுப் படிகள். உங்கள் அம்மா எந்தப் படியில் நிற்பார் என்பதை அன்றைக்கு அவர் சொல்லும் பதில்கள்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

அன்றைக்கு நம் வீடுகளில் நடப்பதைச் சொல்கிறேன். சிரிக்காமல் கேளுங்கள். அம்மா காலையிலேயே தலைவாரி, நல்ல சேலை கட்டி, வருகிற பிள்ளைக்கு வடை சுட்டு வைத்திருப்பார். மதிப்பீட்டாளர் கேட்பார்: "நீங்களாகவே குளிப்பீர்களா?" பக்கத்தில் இருக்கும் மகன் தமிழில் கேட்பான். "ஓம், எல்லாம் நானே செய்வன்" என்று அம்மா சொல்வார். மகனும் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்வான். உண்மையில் குளியல் தொட்டிக்குள் காலெடுத்து வைக்கப் பயந்து, மாதக்கணக்காக ஸ்டூலில் இருந்து வாளித் தண்ணீரில்தான் குளிக்கிறார், கதவுக்கு வெளியே மருமகள் காவல். அடுத்த கேள்வி, சிறுநீர் கசிகிறதா என்பது. இதை அம்மாவிடம் கேட்க மகனுக்கே வாய் வராது. "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்று தானாகவே பதில் சொல்லிவிடுவான். யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை. தாய்க்கும் மகனுக்கும் நடுவில் இருக்கிற வெட்கம் அது. ஆனால் படிவத்தில் "சுயமாகச் செய்கிறார்" என்று விழுந்துவிடும். பிறகு ஏன் உதவி போதவில்லை என்று ஆறு மாதம் கழித்து எனக்குப் போன் பண்ணுவீர்கள்.

அதனால்தான் சொல்கிறேன், அம்மாவுக்கு நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள். பக்கத்தில் இருங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவர் சொல்ல மறந்ததைச் சேர்த்துச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பை மட்டும் அதற்கென்று பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். அரசின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவைக்கு, 131 450 என்ற எண்ணுக்கு அழைத்து "தமிழ்" என்று சொன்னால் போதும், அவர்களே மை ஏஜ்ட் கெயாரோடு இணைப்பார்கள். மதிப்பீட்டுக்கு நாள் குறிக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. "எங்கட ஊர்க்காரர் யாராவது வந்து, அம்மாவின் கதை ஊரெல்லாம் போய்விட்டால்?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம். இரகசியம் காப்பது அவர்களுடைய தொழில் ஒழுக்கம். அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் தொலைபேசி வழியாக வேறு மாநிலத்தில் இருப்பவரைக் கேளுங்கள்.

இந்தத் தொலைபேசிச் சேவையை நாம் கேட்டு வாங்கவில்லை. அது 1973இல் சிட்னியிலும் மெல்பேர்னிலும் தொடங்கியது. அப்போது இங்கே தமிழர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். கிரேக்கரும் இத்தாலியரும் ஆஸ்பத்திரிகளில் வாய்பேச முடியாமல் பட்ட பாட்டில் பிறந்த சேவை அது. அவர்கள் தங்களுக்கென்று பராமரிப்பு இல்லங்களும் கட்டிக்கொண்டார்கள். 1983க்குப் பிறகு நாம் வந்து சேர்ந்தபோது அவர்கள் வெட்டிய கிணற்றில் தண்ணீர் குடித்தோம். 2021 குடிசனக் கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்றவர்கள் 95 ஆயிரத்துக்கும் மேல். எண்பதுகளில் இளைஞர்களாக வந்தவர்கள் இப்போது ஓய்வூதியக்காரர்கள். நம்முடைய முறை வந்துவிட்டது.

"எங்கட அப்பா கணக்காளர், முப்பது வருஷம் ஆங்கிலத்தில் வேலை செய்தவர், அவருக்கு இதெல்லாம் தேவையில்லை" என்று சொல்கிற குடும்பங்கள் உண்டு. எனக்கு அவர்களைப் பற்றித்தான் கூடுதல் கவலை. டிமென்ஷியா வரும்போது பிற்காலத்தில் கற்ற மொழி பலருக்கு முதலில் கழன்றுபோகிறது, சிறுவயது மொழி தங்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் கேட்டதற்குப் பதில் சொல்லாத அப்பாவை "ஒத்துழைக்க மறுக்கிறார்" என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவார்கள். அவருக்குக் கேள்வியே போய்ச் சேர்ந்திருக்காது.

ஞாபகசக்திப் பரிசோதனையிலும் இதே கதைதான். வழக்கமான மினி மென்டல் பரீட்சையில் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பின்னாலிருந்து எழுத்துக்கூட்டச் சொல்வார்கள், இப்போது என்ன பருவகாலம் என்று கேட்பார்கள். மாரி, கோடை என்று வாழ்ந்த கிளிநொச்சிக்காரருக்கு ஏப்ரலில் இலையுதிர்காலம் என்று எப்படித் தெரியும்? இதற்கு நம் ஊரிலேயே ஒரு மாற்று இருக்கிறது. தென்மேற்கு சிட்னியின் லிவர்பூல் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த மருத்துவர்கள் உருவாக்கி 2004இல் வெளியிட்ட 'ரூடாஸ்' பரிசோதனை அது. கடைக்குப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள், தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சவர்க்காரம் வாங்க வேண்டும், ஞாபகம் வைத்திருங்கள் என்பார்கள். வலது கால் எது, இடது கை எது என்று காட்டச் சொல்வார்கள். ஒரு கையை முஷ்டியாகவும் மறு கையை விரித்தும் மாற்றி மாற்றி வைக்கச் சொல்வார்கள். சிக்னல் விளக்கு இல்லாத பெருந்தெருவை எப்படிப் பத்திரமாகக் கடப்பீர்கள் என்று கேட்பார்கள். மொத்தம் 30 புள்ளி. 22 அல்லது அதற்குக் கீழே வந்தால் மேலும் பரிசோதிப்பார்கள். பள்ளிக்கூடம் போகாத பாட்டியும் மொழிபெயர்ப்பாளர் துணையோடு இதைச் செய்யலாம். குடும்ப வைத்தியரிடம் ரூடாஸ் செய்ய முடியுமா என்று நீங்களே கேளுங்கள். அவர் கோபிக்க மாட்டார்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். இல்லங்களில் "தமிழர்" என்றதும் "இந்தியன், வெஜிடேரியன்" என்று குறித்துவிடுகிற வழக்கம் உண்டு. வாழ்நாளெல்லாம் மீனோடு சோறு உண்ட பருத்தித்துறை மனிதருக்கு மூன்று வேளையும் பருப்பு வரும்! நம்மிலும் மலையகத்தார் உண்டு, தஞ்சாவூரார் உண்டு, கத்தோலிக்கர் உண்டு, மலேசியாவிலிருந்து வந்தவர் உண்டு. ஒருவர் தட்டு மற்றவருக்கு ஆகாது. முதல் நாளே எழுதிக் கொடுங்கள்.

அதேநேரம், வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகிற பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கு, டிமென்ஷியா முற்றியவருக்கு விழுங்குவது சிரமமாகலாம். அப்போது எந்தப் பதத்தில் உணவு தரலாம் என்று பேச்சு சிகிச்சையாளர் பார்த்துச் சொல்வார். இந்த நாட்டில் 2019 முதல் அதற்கு 0 தொடக்கம் 7 வரை சர்வதேச அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஆசையாகப் புட்டு அவித்துக் கொண்டுபோய் ஊட்டாதீர்கள். உதிர்ந்துபோகும் பண்டம் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ரசமும் சொதியும் தண்ணீராக ஓடும், அதுவும் சிலருக்கு ஆபத்து. நன்றாகக் குழைத்த பாற்கஞ்சி, கட்டியில்லாமல் மசித்த பூசணிக்காய் என்று அந்தச் சிகிச்சையாளரிடம் காட்டி, எது எந்த அளவுக்குப் பொருந்தும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் வாயில் மஞ்சளும் சீரகமும் படுவதற்கு எத்தனையோ வழி உண்டு. சமையலறைக்காரருக்கு அது தெரியாது, நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

போரைப் பார்த்தவர்களைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். புதுவருட வாணவேடிக்கைச் சத்தத்தில் கட்டிலுக்கடியில் போக முயல்கிறவருக்கு மருந்து கொடுத்துத் தூங்கவைப்பதற்கு முன்னால், அவர் எங்கிருந்து வந்தார் என்று ஊழியர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பராமரிப்புத் திட்டத்தில் அதை எழுதச் சொல்லுங்கள்.

முதியோர் பராமரிப்பை விசாரிக்க அரசு அமைத்த ரோயல் கமிஷன் 2021இல் 148 பரிந்துரைகளோடு தன் இறுதி அறிக்கையைக் கொடுத்தது. அதற்குப் பிறகு வந்த புதிய சட்டமும் அதே 2025 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தான் விரும்பும் மொழியில், தேவையானால் மொழிபெயர்ப்பாளரோடு பேசும் உரிமை அதில் எழுதப்பட்டிருக்கிறது. இதைக் காட்டி நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது, அந்த விஷயத்தில் சட்டம் பலவீனமானது என்பது என் அபிப்பிராயம். ஆனால் முறைப்பாடு செய்யலாம். எப்படிச் செய்வது என்று தெரியாவிட்டால் 1800 700 600க்கு அழையுங்கள். அது முதியோருக்காக வாதாடும் இலவசச் சேவை, அரசுப் பணத்தில் நடந்தாலும் உங்கள் பக்கம் நின்று பேசுவார்கள்.

கடைசியாக, இல்லம் பார்க்கப் போகிறவர்களுக்கு. வரவேற்பறைப் பூக்களையும் சுவரில் ஒட்டியிருக்கும் தீபாவளி வாழ்த்தையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரவு வேலையில் எத்தனை பேர், அப்பா நடுச்சாமத்தில் தமிழில் கூப்பிட்டால் என்ன செய்வீர்கள், கடைசியாக எப்போது ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளரை அழைத்தீர்கள் என்று கேளுங்கள். "பிள்ளைகளைக் கூப்பிடுவோம்" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த இல்லத்தையும் போய்ப் பாருங்கள். அப்புறம், நேர்சிங் ஹோம்களில் தனியாக இருப்பவர்களைச் சந்திக்கத் தொண்டர்களை அனுப்பும் அரசுத் திட்டம் ஒன்றும் உண்டு, தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்று அதில் கேட்கலாம். கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், போவதற்குத்தான் ஆள் போதாது. தேநீர் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன், விருப்பமானவர்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். இப்போது கேள்விகளைக் கேளுங்கள்.