மோதிரம் எங்கே? (பட்டிமன்ற உரை)

நடுவர் அவர்களே, எதிரணியில் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, காத்தோ பிமான் மிளகாய் வடைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு யார் பக்கம் சாய்வது என்று யோசிக்கும் சபையோரே, அனைவருக்கும் பொங்கல் வணக்கம்.

தலைப்பு உங்களுக்கு மறந்து போயிருக்கும். எதிரணியின் கடைசிப் பேச்சாளர் அதை அப்படி ஊர் சுற்றிக் காட்டினார். மாயாஜாலச் சித்திரக்கதைத் தொடர்களில் ரசிகரை அதிகம் கோபப்படுத்துவது ஓவியம் மாறுவதா, கதை தடம் மாறுவதா? ஓவியம் என்கிறார்கள் அவர்கள். கதை என்கிறோம் நாங்கள்.

எதிரணித் தலைவி அழகாகப் பேசினார். பதினைந்து வருடம் பார்த்துப் பழகிய மூக்கு ஒரு நாள் வேறு மூக்காகிவிட்டால் கோபம் வராதா என்று கேட்டார். வரும் அம்மா, வரும். பக்கத்தைத் திறந்த நொடியிலேயே வரும். அடுத்த பக்கத்தில் பாதி குறையும். பத்தாம் பக்கத்தில் பாலம் அறுந்து கதாநாயகன் ஒரு கையில் தொங்கும்போது மூக்கை யார் பார்க்கிறார்கள்? கதையின் மேல் வரும் கோபம் அப்படிப்பட்டது இல்லை. அது புத்தகத்தை மூடி வைத்த பிறகு வரும், விளக்கை அணைத்துப் படுத்த பிறகு வரும். முப்பது வருடம் போகாமல் கூடவே இருக்கும். எப்படிச் சொல்கிறேன் என்றால், எனக்கு இருக்கிறது.

1994 பிப்ரவரி. நம் மொரீஷியஸை அடித்த ஹொலாண்டாப் புயல். இங்கே நரை கண்ட தலைகள் எல்லாம் ஆடுவதைப் பார்க்கிறேன், உங்களுக்கு நினைவிருக்கிறது. கரும்பு படுத்துவிட்டது, கம்பங்கள் சாய்ந்துவிட்டன, எங்கள் வீட்டில் பத்து நாளுக்கு மேல் மின்சாரம் இல்லை. எனக்குப் பதிமூன்று வயது. என் மாமன் மகன் ஓர் ஆல்பத்தை, அதாவது சித்திரக்கதைப் புத்தகத்தை, சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து சேர்ந்தான். தோர்கல் தொடரின் பத்தொன்பதாவது ஆல்பம், அதற்கு முந்தைய ஆண்டு வந்தது. பெல்ஜியக்காரர் ழான் வான் ஹாம் கதை எழுத, போலந்துக்காரர் ரோசின்ஸ்கி வரைந்து, 1977 முதல் ஓடிக்கொண்டிருந்த தொடர். தமிழ் தவிர வேறெதுவும் படிக்காதவர்களும் இப்போது சிவகாசி காமிக்ஸ் வழியாக இவனை அறிவார்கள். நமக்கு அன்றைக்குப் பிரெஞ்சில்தான் கிடைத்தான்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. தோர்கல் வடதேசக் கடலோடிகள் கண்டெடுத்து வளர்த்த குழந்தை. வானத்திலிருந்து வந்தவன். வில் வித்தையில் சூரன். ஆனால் அவனுக்கு வேண்டியதெல்லாம் மனைவி ஆரிசியா, பிள்ளைகள், கடலோரம் ஒரு குடிசை. கடவுள்கள் விடமாட்டார்கள். அவ்வளவுதான் கதையின் முதுகெலும்பு.

அந்த ஆல்பத்தில் அவன் ஒரு பைத்தியக்கார முடிவெடுக்கிறான். கடவுள்கள் தன்னை மறந்தால்தான் குடும்பத்துக்கு நிம்மதி என்று, தன் பெயரையே கல்லிலிருந்து அழிக்கப் போகிறான். பெயரோடு நினைவும் அழிந்துவிடுகிறது. விழித்தால் பக்கத்தில் வால்னோர் கிரிஸ், அவன் வாழ்க்கையைக் கெடுக்கவென்றே பிறந்த வில்லி. நீதான் இரக்கமற்ற ஷைகன், நான் உன் மனைவி என்கிறாள். அவன் நம்பிவிடுகிறான்.

இதை நாங்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாசித்தோம். எதிரணி நண்பர்கள் இங்கே கொஞ்சம் காது கொடுக்க வேண்டும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ரோசின்ஸ்கியின் கடல் நீலமாக இல்லை, சாம்பலாக இருந்தது. பனி மஞ்சளாக இருந்தது. கிரிஸின் கருங்கூந்தல் எது, பின்னாலிருந்த பாறை எது என்று பிரிக்க முடியவில்லை. மாமன் மகன் புத்தகத்தைச் சுடருக்கு அருகில் சாய்க்க, ஒரு சொட்டு மெழுகு கப்பல் பாயின் மேல் விழுந்து காய்ந்தது. அவன் நகத்தால் சுரண்டினான், பாயும் கொஞ்சம் கையோடு வந்தது. அப்போது நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். ஓவியம் கெட்டதற்காக என்று நினைக்கிறீர்களா? கட்டிய மனைவியை ஒருவன் எப்படி மறப்பான் என்று அவனும், பெயரே போன பிறகு நினைவு எங்கே தங்கும் என்று நானும் கத்திக்கொண்டிருந்தோம். கூரைத் தகரம் போகப் போகிறது, இவர்கள் எவனோ ஒருத்தன் பெண்டாட்டிக்காக அடித்துக்கொள்கிறார்கள் என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

பாட்டிதான் நிறுத்தினாள். பிரெஞ்சு எழுத்து ஒன்றும் தெரியாதவள். என்ன கதை என்று கேட்டாள், சொன்னோம். "துஷ்யந்தன் மறக்கவில்லையா? மறந்தால் மறக்கட்டும். மோதிரம் எங்கே?" என்றாள்.

மோதிரம் எங்கே. நடுவர் அவர்களே, என் உரை முழுவதும் இந்த இரண்டு சொல்தான். மறதி வருவதற்கு ஒரு சாபம் இருந்தால், அது தீர்வதற்கு ஒரு மோதிரம் இருக்க வேண்டும். ஆசிரியன் அதை எங்கோ வைத்திருக்கிறான் என்ற நம்பிக்கையில்தான் ரசிகன் காத்திருக்கிறான். வான் ஹாம் காக்க வைத்தார், கொஞ்சமா வைத்தார்! அடுத்த ஆல்பத்தில் ஆரிசியாவின் கன்னத்தில் சூடு வைத்து, ஊரை விட்டே துரத்தினார்கள். தோர்கல் குடும்பத்தோடு மறுபடி சேர இருபத்து மூன்றாவது ஆல்பம் வரை ஆயிற்று, 1997 ஆகிவிட்டது. நான்கு ஆண்டு திட்டிக்கொண்டே வாங்கினோம். மோதிரம் கிடைத்தது. அதனால் மன்னித்தோம்.

இதே தொடரில் மன்னிக்காத இடமும் உண்டு. 2006இல் இருபத்தொன்பதாவது ஆல்பத்தோடு வான் ஹாம் விலகினார். அதே ஆல்பத்தில்தான் ரோசின்ஸ்கி மையால் கோடு போடுவதை விட்டுத் தூரிகையால் நேரடியாக வண்ணம் தீட்டத் தொடங்கினார். பார்த்தீர்களா, ஓவியம் மாறியது, கோபமும் வந்தது என்று எதிரணித் தலைவி விரல் நீட்டினார். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் இது அவருக்கு வசதியான இடம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆல்பம் தீட்டிய ஓவியம்தான், கதை வான் ஹாமுடையது. அதை எங்கள் கூட்டத்தில் கண்ணீரோடு மூடி வைத்தார்கள். முணுமுணுப்பு எழுந்தது அதற்கு அடுத்ததில். 2007 முதல் மகன் ஜோலான் கதாநாயகனாகிவிட்டான், தோர்கல் ஓரத்துக்குப் போய்விட்டான். 2010இல் கிரிஸுக்குத் தனித் தொடர், 2011இல் மகள் லூவுக்குத் தனித் தொடர், 2013இல் தோர்கலின் இளமைக்கு ஒரு தொடர். ஒரு குடும்பம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நான்கு கடையில் விசாரிக்க வேண்டியதாயிற்று! மூலத் தொடரிலும் எழுத்தாளர் கை மாறிக்கொண்டே வந்தது. ஈவ் சாந்த், பிறகு தொரிசோன், பிறகு யான். 2018இல் முப்பத்தாறாவது ஆல்பம் வரை வரைந்த கை மட்டும் ரோசின்ஸ்கியின் ஒரே கை. ஓவியம்தான் எல்லாம் என்றால் அந்தப் பன்னிரண்டு ஆண்டும் நாங்கள் வாய் திறக்காமல் இருந்திருக்க வேண்டாமா?

இன்னும் கேளுங்கள். 2019இல் முப்பத்தேழாவது ஆல்பம். ஓவியர் ஃபிரெத் வின்யோ, புது ஆள். நாற்பது ஆண்டு பழகிய கை போய்விட்டது. எதிரணியின் கணக்குப்படி அன்று போர்ட் லூயிஸில் கண்ணாடி உடைந்திருக்க வேண்டும். நான் பழகிய வாசகர்கள் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், பரவாயில்லை, நன்றாகத்தான் வரைகிறான் என்றார்கள், உடனே கதையைப் பற்றிப் பேச உட்கார்ந்துவிட்டார்கள்.

அஸ்தெரிக்ஸ் என்ற பிரெஞ்சுச் சித்திரக்கதையை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறேன். அதை எழுதிய கோசினி 1977இல் இறந்தார். வரைந்துகொண்டிருந்த உதெர்சோ அதன் பிறகு தானே எழுதி, தானே வரைந்தார். கோடு ஒரு மயிரிழை மாறவில்லை. 2005இல் கதை நடக்கும் பழங்காலக் கிராமத்துக்கு வேற்றுக்கிரகவாசிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார், ரசிகர்கள் எப்படி வறுத்தெடுத்தார்கள்! 2013இல் ஓவியரே மாறி தீதியே கொன்ராட் வந்தார். ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கிராமத்தார் குடிக்கும் மந்திரக் கஷாயத்தை நம்புகிறவன் பறக்கும் தட்டை ஏன் நம்பவில்லை? கஷாயம் அந்த ஊரில் காய்ச்சியது. தட்டு வேறு கதையிலிருந்து வந்து இறங்கியது.

இப்போது இளைஞர் அணிக்கு. பெர்செர்க் என்ற ஜப்பானியத் தொடரை எதிரணியில் ஒரு தம்பி ஓவியத்துக்குச் சாட்சியாக அழைத்தார். அதன் ஒரு பக்கத்தை அரை மணி நேரம் பார்க்கலாம் என்றார். உண்மை, பார்க்கலாம், நானும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கவசத்திலும் ஒவ்வொரு ஆணி தெரியும். அதை வரைந்த கென்டாரோ மியூரா 2021 மே மாதம் 54 வயதில் இறந்துபோனார். தொடங்கி முப்பது ஆண்டுக்கு மேலாகியும் கதை முடியவில்லை. உலகம் முழுவதும் ரசிகர்கள் அழுதார்கள். ஓவியமே உயிர் என்றால் அதோடு மூடி வைத்திருக்க வேண்டும், அந்தக் கை இனி வராதே. என்ன நடந்தது? 2022 ஜூனில் அவருடைய உதவியாளர்களே வரைய, தொடர் மீண்டும் வந்தது. மேற்பார்வை, மியூராவின் நெடுநாள் நண்பர் கோஜி மோரி. அவரிடம் மியூரா பல ஆண்டுகளுக்கு முன்பே கதையை முடிவு வரை சொல்லியிருந்தார். மோரி ரசிகர்களுக்குக் கொடுத்த வாக்கு, அதே மாதிரி வரைவோம் என்பதா? இல்லை தம்பி. மியூரா என்னிடம் சொன்னதை மட்டுமே எழுதுவேன், சொந்தமாகச் சேர்க்கமாட்டேன் என்பதுதான் வாக்கு. ரசிகனுக்கு எங்கே வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மோதிரம் என்னிடம் இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று அவர் சொன்னதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் விட்ட பிரம்மாஸ்திரத்துக்கு வருகிறேன். 1998இல் நம் மொரீஷியஸில் புதிய ரூபாய் நோட்டு வந்தபோது தமிழர்கள் ஏன் கொதித்தோம், தோற்றம் மாறியதால்தானே என்றார். கை தட்டினீர்கள். ஐயா, நான் காசாளராக வேலை பார்க்கிறவள். நோட்டைப் பற்றிப் பேசிவிட்டு என்னைத் தாண்டிப் போக முடியாது. அந்த நோட்டுகளில் முகங்கள் மாறியிருந்தன. 100 ரூபாயில் நம் ரெங்கநாதன் சீனிவாசன் வந்தார், 1,000 ரூபாயில் கயெத்தான் துவால் வந்தார். படத்தைப் பார்த்து யாரும் கொதிக்கவில்லை. ஆங்கிலத்துக்கு அடுத்து நிற்கும் தமிழ் எழுத்து, இந்தியின் தேவநாகரி எழுத்துக்குக் கீழே போயிருந்தது. அதற்குத்தான் கொதித்தோம். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று 1999இல் பழைய வரிசைப்படி அச்சடித்தார்கள், சீனிவாசன் முகம் அதே முகமாகவே இருந்தது. மக்கள் கோபப்பட்டது எது முன், எது பின் என்பதற்கு. எது முன், எது பின் என்பதற்குத்தானே கதை என்று பெயர்? உங்கள் அஸ்திரம், எங்கள் அம்பறாத்தூணியில் பத்திரமாக இருக்கிறது, நன்றி.

கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கும்பாபிஷேகத்துக்குக் கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கிறோம். இந்தப் பச்சை கண்ணைக் குத்துகிறதே, பழைய முருகன் முகத்தில் இருந்த சாந்தம் இல்லையே என்று ஒரு மாதம் பேசுவோம். அடுத்த காவடிக்குள் அதுவே நம் முருகன் முகமாகிவிடும். சரி, வர்ணத்தைத் தொடாமல் கதையைத் தொடுங்கள். சஷ்டியன்று சூரசம்ஹாரத்தில் சூரன் ஜெயித்துவிட்டான் என்று அறிவித்துப் பாருங்கள். கோயில் கமிட்டி உயிரோடு வீட்டுக்குப் போகுமா?

மணி அடித்துவிட்டீர்கள், ஒரு நிமிடம் கொடுங்கள்.

இந்தப் பேச்சுக்குத் தயார் செய்வதற்காக நேற்று இரவு என் மாமன் மகனுக்கு ஃபோன் செய்தேன். அவன் இப்போது குர்பிப்பில் மருந்துக்கடை வைத்திருக்கிறான், தலையில் முடி இல்லை. முப்பத்தேழாவது ஆல்பத்தை வரைந்தது யார், நினைவிருக்கிறதா என்று கேட்டேன். பேர் தெரியவில்லை, யாரோ புதுப் பையன் என்றான். தோர்கல் அன்று கிரிஸ் சொன்னதை நம்பியது சரியா என்று கேட்டேன். நாற்பது நிமிடம் பேசினான். கடையை மூடவில்லையா என்று அவன் மனைவி பின்னாலிருந்து கத்தியது எனக்கே கேட்டது. மெழுகு விழுந்த அந்த ஆல்பம் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்டேன். முதலில் நான் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள், பிறகு தருகிறேன் என்கிறான்.

வணக்கம்.