கிட்டார் வாங்கறதுக்கு முன்னாடி அது யார் கைபட்டு வருதுன்னு பாருங்க

வணக்கம். கிட்டார் சொல்லிக் குடுக்கறதும், ரிப்பேருக்கு வர்ற கிட்டாரை சரி பண்ணிக் குடுக்கறதும்தான் என் வேலை. முதல் கிட்டார் வாங்கப் போறவங்க எல்லாரும் என்கிட்ட கேக்கறது, எந்த பிராண்டு வாங்கலாம்னு. நான் பதிலுக்குக் கேக்கறது, எந்த மாதிரி கடையில வாங்கப் போறீங்கன்னு. டிவி, மிக்சி, துணி, சோப்புன்னு எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ விக்கிற பெரிய கடை ஒண்ணு, இசைக்கருவி மட்டும் விக்கிற மியூசிக் கடை ஒண்ணு. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் விலைச்சீட்டுல தெரியாது, அதனாலதான் இன்னைக்கு இதைப் பேசலாம்னு வந்திருக்கேன்.

முதல்ல கிட்டார்னா என்னன்னு கொஞ்சம் பாத்துடலாம். கரண்ட் இல்லாம வாசிக்கற ஒரு சாதாரண அகூஸ்டிக் கிட்டார்ல 6 ஸ்டீல் கம்பியும் முறுக்கி ட்யூன் ஆகி நிக்கறப்ப, எல்லாம் சேந்து 70 கிலோவுக்கு மேல இழுக்குது, அதுவும் ராத்திரி பகலா இழுத்துக்கிட்டே இருக்கு. அதைத் தாங்கறது மெல்லிசான ஒரு மரப்பலகையும், நாம கையால புடிக்கற ஒல்லியான ஒரு நெக்கும்தான். அந்த நெக்கு வளைஞ்சு போயிடாம இருக்க உள்ளார ஒரு இரும்புக் கம்பி ஓடும், ட்ரஸ் ராட்னு சொல்வாங்க, கிப்சன்ங்கற கிட்டார் கம்பெனியில வேலை பாத்த தாடியஸ் மெக்ஹ்யூங்கறவர் 1920-கள்ல கொண்டு வந்தது. அலென் கீ போட்டு அதைக் கொஞ்சமா திருப்பினா நெக்கு நிமிரும், இல்ல வளையும். நெக்கு ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா இருக்கவும் கூடாது, நடுவுல ஒரு மெல்லிசான வளைவு வேணும், 0.2, 0.3 மில்லிமீட்டர் போதும், இல்லைன்னா கம்பி, நெக்கு மேல குறுக்கா பதிச்சிருக்கற ஃப்ரெட்டுங்கற உலோகக் கோடுங்கள்ல உரசி கரகரன்னு இரையும், அதைத்தான் பஸ் அடிக்கறதுன்னு சொல்வோம். இந்த மில்லிமீட்டர் கணக்கைத்தான் செட்டப்புங்கறோம். ஒரு கிட்டார் வாசிக்கறதுக்கு சுகமா இருக்கா, கையைக் கொல்லுதாங்கறதை பிராண்டு பேரை விட இதுதான் அதிகமா தீர்மானிக்குது.

நெக்கோட தலைப்பக்கம் ஒரு சின்ன துண்டு இருக்கும், எலும்புலயோ பிளாஸ்டிக்குலயோ, அதுல 6 பள்ளம் வெட்டியிருக்கும், கம்பி அதுல உக்காரும், அதுக்குப் பேரு நட். பேக்டரியில இந்தப் பள்ளத்தை ஆழமா வெட்டிட்டா பஸ் அடிக்கும், அப்புறம் திருப்பி உயர்த்தவும் முடியாது, அதனால நிறைய கம்பெனிக்காரங்க கொஞ்சம் உயரமாவே விட்டுடுவாங்க, கடையில ஒருத்தர் ஃபைல்ங்கற அரம் போட்டு இறக்கிக்குவார்ங்கற நம்பிக்கையில. அப்படி யாரும் இறக்கலைன்னா என்ன ஆகும்? முதல் ஃப்ரெட்டுல விரல் வெச்சு அழுத்தறப்ப கம்பி ரொம்ப தூரம் கீழ போகணும், அப்படிப் போறப்ப அது கூடுதலா இழுபடும், இழுபட்டா சுருதி ஏறிடும். இப்ப பாருங்க, வெறும் கம்பியை மீட்டினா ட்யூனர்ல பச்சை லைட் எரியுது, எல்லாம் சரியா இருக்குன்னு காட்டுது, ஆனா பல சுரம் சேந்து ஒலிக்கற சி கார்டு ஒண்ணு புடிச்சு ஸ்ட்ரம் பண்ணினா காதுக்கு ஒத்துக்கவே இல்ல. கத்துக்கற பொண்ணோ பையனோ என்ன நினைப்பாங்க? நமக்குத்தான் காது இல்ல, நமக்குத்தான் ராகம் வராதுன்னு நினைப்பாங்க. எஃப் கார்டு புடிக்க முடியாம விரல் நுனி கன்னிப்போய் உக்காந்திருப்பாங்க, அப்பா அம்மா பக்கத்துல இருந்து பிராக்டீஸ் பண்ணு பண்ணுன்னு சொல்லிக்கிட்டிருப்பாங்க. நட்டை கால் மில்லிமீட்டர் இறக்கினா அதே பிள்ளை அதே கையால அதே கார்டை புடிக்கும். இந்த மாதிரி மனசு விட்டுப் போன பிள்ளைங்களை என் வகுப்புல நிறைய பாத்திருக்கேன், ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும்.

கிட்டார் செய்யற பெண்டர் கம்பெனிக்கு தலைமை அதிகாரியா இருந்த ஆண்டி மூனி பேட்டிகள்ல வெளிப்படையா சொன்ன விஷயம், புதுசா கிட்டார் எடுக்கறவங்கள்ல 90 சதவீதம் பேர் ஒரு வருஷத்துக்குள்ள விட்டுடறாங்கன்னு. அத்தனை பேரும் செட்டப் சரியில்லாமதான் விட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், நேரமில்லாம விட்டவங்க இருப்பாங்க, ஆர்வம் வேற பக்கம் போனவங்க இருப்பாங்க. ஆனா அதுல ஒரு கூட்டம் கிட்டார்கிட்ட தோத்துட்டு தன்மேல பழியைப் போட்டுக்கிட்டவங்க, இதை நான் உறுதியா சொல்வேன்.

இப்ப பெரிய கடைக்கு வருவோம். அங்க வேலை செய்யற பிள்ளைங்களை நான் குறை சொல்லவே மாட்டேன். காலையில ஃப்ரிட்ஜ் பிரிவு, சாயங்காலம் பொம்மை பிரிவுன்னு மாத்தி மாத்தி நிக்கறவங்க, அவங்ககிட்ட போய் ட்ரஸ் ராட் பத்திக் கேக்கறது நியாயமே இல்ல. கப்பல்ல வந்த அட்டைப்பெட்டி அப்படியே நம்ம வண்டிக்குள்ள ஏறுது, நடுவுல ஒருத்தரும் திறந்து பாக்கல. புது சைக்கிள் வாங்கினா கடைக்காரர் சீட்டை நம்ம உயரத்துக்கு ஏத்தி, பிரேக்கை டைட் பண்ணி, செயின் பாத்து, காத்தடிச்சு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டுக் குடுப்பார்ல, கிட்டாருக்கும் அந்த வேலை உண்டு, அதைச் செய்யற ஆள் அங்க இல்ல, அவ்வளவுதான்.

வெளிய எடுத்து மாட்டி வெச்சிருக்கற கிட்டார்னா இன்னொரு தொல்லை. மரம் காத்துல இருக்கற ஈரத்தைக் குடிக்கும், திருப்பி விடும், அதுக்கேத்த மாதிரி வீங்கும், சுருங்கும். அகூஸ்டிக் கிட்டாருக்கு காத்துல ஈரப்பதம் 45-லேருந்து 55 சதவீதம் வரைக்கும் இருந்தா நல்லதுன்னு செய்யறவங்க சொல்வாங்க. ராத்திரி பகலா ஏசி ஓடற பெரிய ஹாலுக்குள்ள காத்து காஞ்சு போனா, மரம் சுருங்கிடும், ஃப்ரெட்டுல இருக்கற உலோகம் சுருங்காது, அதனால நெக்கு ஓரத்துல ஃப்ரெட் நுனி வெளிய நீட்டிக்கும். விரலை நெக்கு ஓரமா மேலேருந்து கீழ ஓட்டிப் பாருங்க, ரம்பம் மாதிரி குத்துச்சுன்னா அந்தக் கிட்டார் காஞ்சு போயிருக்குன்னு புரிஞ்சுக்கலாம். நல்ல மியூசிக் கடையில அகூஸ்டிக் கிட்டாருங்களை தனி ரூம்ல, ஈரப்பதம் காட்டற மீட்டர் மாட்டி வெச்சிருப்பாங்க. அந்த மீட்டரைப் பாத்தாலே எனக்கு அந்தக் கடைமேல பாதி நம்பிக்கை வந்துடும்.

ஆனா ஒண்ணு சொல்லணும், பெரிய கடையில விக்கிற கிட்டார்னாலே குப்பைன்னு சில பேர் பேசறதை நான் ஒத்துக்கவே மாட்டேன். அமெரிக்காவுல சியர்ஸ்னு ஒரு கம்பெனி, ஊசி நூல்லேருந்து வீட்டுச் சாமான் வரைக்கும் கேட்டலாக் போட்டு தபால்ல வித்தவங்க, 1916-லயே ஹார்மனிங்கற கிட்டார் கம்பெனியை விலைக்கு வாங்கிட்டாங்க. அப்புறம் சில்வர்டோன்னு சொந்தப் பேர்ல கிட்டார் வித்தாங்க, அதுல ஒரு பகுதியை டேன்எலக்ட்ரோ கம்பெனி செஞ்சு குடுத்துச்சு. 1962-ல ஒரு மாடல் வந்துச்சு பாருங்க, கிட்டார் வெக்கிற பெட்டிக்குள்ளயே சத்தத்தைப் பெருக்கற ஆம்ப்பும் ஸ்பீக்கரும் இருக்கும், பெட்டியைத் திறந்து பிளக்கை சொருகி வாசிக்க வேண்டியதுதான். உடம்பு மேசனைட்ங்கற அழுத்தின மர அட்டை, கம்பியோட அதிர்வை கரண்டா மாத்தற பிக்கப்பை லிப்ஸ்டிக் டியூப்புக்குள்ள போட்டு செஞ்சிருந்தாங்க. எவ்வளவு வீட்டுல பிள்ளைங்க கையில முதல் எலக்ட்ரிக் கிட்டாரா அது போயிருக்கும், இன்னைக்கு அதையே தேடித் தேடி வாங்கறாங்க. அதனால விலை குறைவுங்கறதோ பெரிய கடைங்கறதோ பாவம் இல்ல. இப்பவும் பாருங்க, கம்ப்யூட்டர் சொல்றபடி வெட்டற சிஎன்சி மெஷின்ல நெக்கும் உடம்பும் வெட்டறதால, ஆரம்ப விலை கிட்டாருங்க கூட நான் கத்துக்கிட்ட காலத்தை விட எவ்வளவோ தேவலாம். மரவேலை ஓகேதான், கடைசி ஒரு மணி நேர கைவேலைதான் பாக்கி நிக்குது.

சரி, மியூசிக் கடைக்குப் போனா எல்லாம் நல்லதாவே நடக்குமா? அதுவும் இல்ல. சில கடைல செட்டப் பண்றோம்னு சொல்லிட்டு வெறும் ட்யூன் மட்டும் பண்ணிக் குடுப்பாங்க, அதனால என்ன பண்ணுவீங்கன்னு வாய்விட்டுக் கேளுங்க, நட் பாப்பீங்களா, நெக்கு பாப்பீங்களா, ரெண்டு மூணு மாசம் கழிச்சு கம்பி இழுப்புல மரம் கொஞ்சம் மாறினதும் திருப்பிக் கொண்டு வந்தா ஒரு தடவை சரி பண்ணித் தருவீங்களான்னு. வேலை தெரிஞ்சவங்க இந்தக் கேள்விக்கு சந்தோஷமா பதில் சொல்வாங்க.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப வருத்தம். சில மியூசிக் கடைல புதுசா வர்றவங்களை மதிக்க மாட்டாங்க. ஒரு கார்டு கூட தெரியாம கிட்டாரைத் தொட்டா ஒரு பார்வை பாப்பாங்க. ஒரு பொண்ணு தனியா உள்ள போனா, தம்பிக்கு வாங்க வந்தியாம்மான்னு கேப்பாங்க, என் மாணவிகளே வந்து சொல்லியிருக்காங்க. 2018-ல பெண்டர் கம்பெனி அமெரிக்காவுலயும் பிரிட்டன்லயும் எடுத்த ஆய்வுல, புதுசா கிட்டார் எடுக்கறவங்கள்ல பாதிப் பேர் பெண்கள்னு வந்துச்சு. அந்தப் பாதிப் பேரை வாசல்லயே கூச்சப்பட வெச்சா அவங்க எங்க போவாங்க, யாரும் ஒண்ணும் கேக்காத பெரிய கடைக்குத்தான் போவாங்க, அதுல அவங்க தப்பு என்ன இருக்கு? இதைக் கேட்டுக்கிட்டிருக்கற மியூசிக் கடைக்காரங்க யாராவது இருந்தா கையெடுத்துக் கேக்கறேன், முதல் தடவை வர்றவங்களுக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு உக்கார வைங்க. மியூசிக் கடைத் தொழிலும் ஆட்டம் கண்டுதான் நிக்குது, அமெரிக்காவுல 1924-ல ஆரம்பிச்ச சாம் ஆஷ் கடைங்க 2024-ல எல்லாத்தையும் மூடிட்டாங்க, 100 வருஷம். கிட்டார் சென்டர்ங்கற பெரிய செயினே 2020 நவம்பர்ல திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போய் வெளிய வந்தாங்க. ஒரு மியூசிக் கடை மூடினா பின்னாடி ரூம்ல ஃபைலும் ஸ்பேனரும் வெச்சு உக்காந்திருந்த ஆளும் போயிடறார், கிட்டாரை வேற எங்கயாவது வாங்கிடலாம், அந்த ஆளை எங்க போய்த் தேடறது? அதனாலதான் கடையில உக்காந்து மணிக்கணக்கா வாசிச்சுப் பாத்துட்டு, கொஞ்சம் விலை கம்மின்னு வேற இடத்துல ஆர்டர் போடறது எனக்குப் புடிக்கறதில்ல.

கடைக்குப் போறப்ப என்ன பாக்கணும்னு கேப்பீங்க. தலைப்பக்கத்துலேருந்து ஒரு கண்ணை மூடிட்டு நெக்கு வழியா பாருங்க, முறுக்கிக்கிட்டு இருந்தா வெச்சுட்டு நகந்துடுங்க, அதுக்கு வைத்தியம் கஷ்டம். 12-வது ஃப்ரெட்டுக்கு மேல தடிச்ச கம்பி எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு பாருங்க, அகூஸ்டிக்னா 2.5 மில்லிமீட்டர் கிட்ட, எலக்ட்ரிக்னா 2 மில்லிமீட்டர் கிட்ட இருந்தா நல்லது, 4 மில்லிமீட்டர் இருந்தா விரல் பாடு திண்டாட்டம்தான். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டா அழுத்தி மீட்டிக் கேளுங்க. வாசிக்கத் தெரியாதுன்னா கடைக்காரரையே மூணு கிட்டார்ல ஒரே டியூனை வாசிக்கச் சொல்லிட்டு நீங்க முதுகைக் காட்டி நின்னு கேளுங்க, எந்தச் சத்தம் புடிச்சிருக்குன்னு காது சொல்லிடும். கலர் புடிச்சு வாங்கறதை யாரும் கேலி பண்ண வேண்டாம், கண்ணுக்குப் புடிச்ச கிட்டாரைத்தான் பிள்ளைங்க தினம் கையில எடுக்கும். சின்னப் பிள்ளைன்னா பாதி சைஸ், முக்கால் சைஸ்னு தனியா வருது, வளந்ததும் சரியாயிடும்னு பெருசா வாங்கிக் குடுக்காதீங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை, பெரிய கடையில ஷெல்ஃப்புல யாரும் எடுத்துச் சொல்லாத விஷயம். நைலான் கம்பி போட்ட கிளாசிகல் கிட்டாருக்கு ஸ்டீல் கம்பியை மாத்திப் போடவே கூடாது. நைலான் கம்பி 6-ம் சேந்து சுமார் 40 கிலோதான் இழுக்கும், அந்த உடம்பை அதுக்குத்தான் கட்டியிருப்பாங்க. ஸ்டீல் போட்டா இழுப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகி, பலகை மேல கம்பியைப் புடிச்சிருக்கற பிரிட்ஜுங்கற துண்டு பிச்சுக்கிட்டு வரும், பலகை உப்பிக்கும். ரெண்டு பாக்கெட்டும் பக்கத்துல பக்கத்துல தொங்கும், பாத்து எடுங்க.

ஏற்கனவே பெரிய கடையில வாங்கியாச்சு, பரிசா வந்துடுச்சு, இப்ப என்ன பண்றதுன்னு யோசிக்கறவங்க கவலையே பட வேண்டாம். அந்தக் கிட்டாரை எடுத்துக்கிட்டு பக்கத்துல ரிப்பேர் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட போங்க, புது கம்பி ஒரு செட் போடச் சொல்லுங்க, நட்டை இறக்கணுமா, நெக்கு எப்படி இருக்கு, உடம்புப் பக்கம் கம்பி உக்கார்ற சேடில் உயரம் சரியான்னு பாக்கச் சொல்லுங்க, முடிஞ்சா பக்கத்துல உக்காந்து அவர் செய்யறதைப் பாருங்க. எங்க வாங்கினீங்கன்னு நல்ல ரிப்பேர்காரர் யாரும் முகம் சுளிக்க மாட்டார். பரண்ல போட்டு வெச்சிருக்கற பழைய கிட்டாருக்கும் இதேதான், எனக்கு வராதுன்னு நினைச்சு நிறுத்தினவங்க ஒரு தடவை அதைச் சரி பண்ணிட்டு அந்த எஃப் கார்டை திரும்பப் புடிச்சுப் பாருங்க. வணக்கம்.