இலையை மூடியவர் கட்சி

(பட்டிமன்றத் தலைப்பு: பிடிக்காத நாவலைப் பாதியில் மூடிவிடலாமா, கடைசிவரை படித்தே ஆகவேண்டுமா? ‘மூடிவிடலாம்’ அணியின் பேச்சு.)

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். மற்ற வணக்கங்களை எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

எதிரணி அக்கா போகிறபோக்கில் எங்களைப் பார்த்து, “பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்துபோகிற அவசரக்குடுக்கைகள்” என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நன்றாகத்தான் இருந்தது. அதற்கு வருகிறேன். முதலில் நான் இலையை மூடிய கதையைக் கேளுங்கள்.

என் அண்ணன் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்று எழுதுகிற உலக அழிவு நாவல் என்றால் அவளுக்கு உயிர். “சித்தப்பா, செம புக்கு” என்று ஒரு அமெரிக்க நாவலைக் கையில் திணித்தாள். பெயரைச் சொல்லமாட்டேன். அது பிடித்தவர்கள் இங்கே இருப்பார்கள், நான் பத்திரமாக வீடு போய்ச் சேரணும்.

கதை என்னவென்றால், ஒரு சிறுகோள் நிலா மேல் மோதுகிறது. நிலா பூமிக்குக் கிட்டத்தில் வந்துவிடுகிறது. கடல் ஊருக்குள் புகுகிறது, எரிமலைகள் வெடிக்கின்றன, சாம்பல் சூரியனை மறைக்கிறது. பென்சில்வேனியாவில் ஒரு 16 வயதுப் பெண் இதையெல்லாம் டைரியில் எழுதிக்கொண்டு வருகிறாள். ஆரம்பம் அட்டகாசம்! மோதலை வேடிக்கை பார்க்கத் தெருவே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்புறம் அவர்கள் கடைக்குப் போனார்கள். டப்பா வாங்கினார்கள். சூப்பு டப்பா, காய்கறி டப்பா, மீன் டப்பா. வீட்டுக்கு வந்து அடுக்கினார்கள். விறகு வெட்டினார்கள். வந்து டப்பாவை எண்ணினார்கள்.

காலையில் காபி குடிக்கும்போது அவள் கேட்பாள். “சித்தப்பா, எங்க இருக்கீங்க?”

“டப்பாவுல இருக்கேன்மா.”

மறுநாளும் கேட்பாள். “இப்ப எங்க இருக்கீங்க?”

“அதே டப்பாதான்மா. ஒண்ணு குறைஞ்சிருக்கு.”

இதைக் கேட்டுக்கொண்டே இருந்த என் அம்மா, “என்னடா டப்பா டப்பாங்குறே?” என்றார். நிலா கிட்டே வந்த கதையைச் சொன்னேன். கன்னத்தில் கைவைத்து யோசித்தார். “அப்ப ராத்திரி வாசல் லைட்டு போடவேண்டாம். கரண்டு பில்லு மிச்சம்” என்றார்.

பின்வரிசைக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, திரும்பச் சொல்கிறேன். உலகம் அழிந்துகொண்டிருக்கிறது, எங்கள் அம்மா கரண்டு பில்லைப் பார்க்கிறார்! அந்த நாவலில் நான் படித்த பக்கங்களில் இப்படி ஒரு வரி இருந்திருந்தால் மூடியிருக்கவே மாட்டேன்.

“இது நடக்கிற காரியமா?” என்றுகூட நான் கேட்கவில்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிற சிறுகோள்கள் அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்தாலும் நிலாவின் எடையில் சுமார் 3 சதவீதம்தான் தேறும். அதில் ஒன்றே ஒன்று வந்து நிலாவை இடம்பெயர்க்கிறதாம். போகட்டும், கதைக்குக் காலில்லை, கொழுக்கட்டைக்குத் தலையில்லை. நிலா வந்ததை நம்பிவிட்டேன். நிலாவே வந்த பிறகும் டப்பாவை எண்ணுகிறார்களே, அதைத்தான் தாங்கமுடியவில்லை. மூடினேன்.

இப்போது பாயசத்துக்கு வருவோம், அக்கா. சாம்பார் ஊசிப்போயிருந்தால், பாயசம் வரட்டும் என்று யாராவது அதையே பிசைந்து சாப்பிடுவார்களா? சரி, சாப்பிட்டோம் என்றே வையுங்கள். பாயசம் வரும் என்று யார் சொன்னது?

‘டைவர்ஜென்ட்’ என்று இதே மாதிரி இளைஞர்களுக்கான ஒரு தொடர், மூன்று நாவல். படமாக எடுத்தார்கள். 2014இல் முதல் படம், 2015இல் இரண்டாவது. கடைசி நாவலை இரண்டு படமாகப் பிரித்து, முதல் பாதியை 2016இல் விட்டார்கள். வசூல் படுத்துவிட்டது. மீதிப் பாதியை எடுக்கவேயில்லை! அக்கா சொன்ன மாதிரி பண்பாக, எழுந்திருக்காமல், இலை முன்னால் உட்கார்ந்திருந்த ரசிகனுக்குப் பாயசம் எங்கே? சமையல்காரர் அண்டாவோடு பஸ் ஏறிவிட்டார், அக்கா!

நாவலில் முடிவு இருக்கிறதே என்று சைகை காட்டுகிறார். இருக்கிறது. அந்த முடிவைப் படித்துவிட்டுக் கொதித்துப்போன வாசகர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாயசத்தில் சர்க்கரை போட்டார்களா உப்புப் போட்டார்களா என்று.

அமெரிக்காவில் சியாட்டில் நூலகத்தில் வேலைபார்த்த நான்சி பேர்ல் என்ற நூலகர் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். 50 வயதுவரை எந்தப் புத்தகத்துக்கும் 50 பக்கம் கொடுங்கள். அதற்கு மேல் ஆகிவிட்டால் 100இலிருந்து உங்கள் வயதைக் கழியுங்கள், மிச்சம் எத்தனையோ அத்தனை பக்கம் போதும். நடுவர் ஐயாவுக்கு 72 என்றால் 28 பக்கம். 100 வயதானவர் அட்டையைப் பார்த்தே தூக்கிப் போடலாம்.

சிரிக்கிறீர்கள். இந்தக் கணக்கை நான் என் அம்மாவுக்குப் போட்டுப் பார்த்தேன். 78 வயது. 22 என்று வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா நாகப்பட்டினத்துக்காரர். கரண்டு பில்லோடு நிறுத்திவிட்டேன், அதற்குப் பிறகு அவர் கேட்டதை உங்களிடம் சொல்லவில்லை. “கடல் ஊருக்குள்ள வந்துச்சுன்னியே, அந்தப் புள்ளைக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் கரையோரம் இருந்தாங்களா?”

நான் பதில் சொல்வதற்குள் அவரே பேச ஆரம்பித்தார். 2004 டிசம்பர் 26. அன்றைக்குக் கடல் திரும்பிப் போன பிறகு தங்கச்சியைத் தேடிப் போனாராம். சேற்றில் கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, வாரில் தங்கச்சி போட்ட பச்சை நூல் தையல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தாராம். இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவரிடமும் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த நேரத்தில் என் விரல் அந்த நாவலுக்குள் இருந்தது. “இரும்மா, இந்த அத்தியாயத்தை முடிச்சிட்டு வர்றேன்” என்று சொல்லியிருக்க வேண்டுமா? அக்கா, உங்களையே கேட்கிறேன், சொல்லியிருப்பீர்களா?

விரலை எடுத்துவிட்டேன், நடுவர் ஐயா. எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்கவில்லை. தீர்ப்பு உங்கள் கையில். வணக்கம்.